மாமியார் வழி முன்னோர் அமெரிக்கப் புரட்சிப் போரில் இருந்தாரா? எங்கே தேடுவது?

நெல்லைப்பெண்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் பாளையங்கோட்டை, பென்சில்வேனியாவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது, கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மாமியாருக்கு 81 வயது. அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. அவருடைய அப்பா வழியில் ஆறு தலைமுறைக்கு முந்தைய பாட்டனார், 1776 கிறிஸ்துமஸ் ராத்திரி பனிக்கட்டி மிதக்கிற டெலவேர் ஆற்றை வாஷிங்டனோடு படகில் கடந்து போனாராம். என் மகளுக்கு இப்போது 18 முடிந்துவிட்டது, அவளை 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்தில் (அந்தப் போருக்குத் துணை நின்றவர்களின் வழிவந்த பெண்கள் சேரும் சங்கம்) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மாமியாருக்கு அப்படி ஓர் ஆசை. நான்தான் தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

குடும்பத்துக்காக உண்மைப் பெயரைப் போடவில்லை, ஜான் மில்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்குச் சாதாரணப் பெயர்தான். பென்சில்வேனியா படைப் பட்டியல்களில் தேடினால் அதே பெயரில் பதினோரு பேர் வருகிறார்கள். எங்கள் ஆள் யார்? இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் வம்ச மரத்தில் எங்கள் குடும்பத்தைக் கனெக்டிகட்காரர் ஒருவரோடு கோத்திருக்கிறார்கள். அவர் 1779-இல் செத்துப்போனதாக அதிலேயே இருக்கிறது, ஆனால் அவருக்குக் கீழே காட்டியிருக்கும் பிள்ளைகள் எல்லாம் 1787-க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த மரத்தையே இன்னும் நாலைந்து பேர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பழைய_ஏடு:
அம்மா, முதலில் அந்தப் படைப் பட்டியலை மூடி வையுங்கள். பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்து அங்கிருந்து கீழே இறங்கி வருகிறவர்கள் எல்லாருமே யாரோ ஒருவருடைய தாத்தாவைத் தங்கள் தாத்தா ஆக்கிக்கொள்கிறார்கள். பதினேழு வருடமாக இங்கே ஒரு நூலகத்தில் வாரம் இரண்டு நாள் இந்த வேலைக்கு உதவியாக உட்காருகிறேன், பத்தில் ஏழு பேர் தப்பு செய்கிற இடம் இதுதான். உங்கள் மகளிடமிருந்து தொடங்குங்கள். மகள், அவள் அப்பா, அவருடைய அம்மா, அம்மாவின் அப்பா என்று ஒரு படிக்கு ஒரு படியாக மேலே போங்கள். ஒவ்வொரு படியிலும் பிறப்பு, கல்யாணம், இறப்பு, இந்த மூன்றுக்கும் தாள் வேண்டும். இவர் அவருடைய பிள்ளைதான் என்று காட்டுகிற தாள் அதைவிட முக்கியம். சங்கத்தார் போர்க்களத்தைப் பற்றிக் கேட்பதைவிட இந்த இணைப்பைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள்.

பென்சில்வேனியாவில் மாநிலம் முழுக்கப் பிறப்பு இறப்புப் பதிவு வந்தது 1906-இல்தான். அதுவரைக்கும் சுலபம். அதற்கு முன்னால் போனால் சென்சஸ். 1880 சென்சஸில்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதத் தொடங்கினார்கள். 1850, 1860, 1870-இல் வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரும் இருக்கும், உறவு இருக்காது, மகனா வேலைக்காரப் பையனா என்று நீங்களாகச் சொல்லிவிட முடியாது. 1790 முதல் 1840 வரை தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அந்த அறுபது வருட இருட்டைக் கடக்க உயில், கிரயப் பத்திரம், வரிப் பட்டியல், தேவாலயப் பதிவேடு இவைதான் கைவிளக்கு.

இன்னொன்று. ஜான் மில்லர் எந்த வருடம் இறந்தார், மனைவி எந்த வருடம் இறந்தார், இது தெரியுமா? இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் எந்தக் காகிதத்தைத் தேடுவது என்று சொல்ல முடியும்.

கடலூரான்:
தேடலுக்கு உதவியாக ஒன்றும் தெரியாது, ஆனாலும் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் போரின் கடைசிச் சண்டை நடந்தது எங்கள் ஊரில். அமெரிக்கர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கியதால் இங்கேயும் இரண்டு வெள்ளைக்காரப் படைகளும் மோதிக்கொண்டன. 1783 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடலூரில் இருந்தார், ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலேயப் படை முற்றுகை போட்டது, கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள், அந்தச் செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது, அதற்குள் ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தும் காயப்பட்டும் போனார்கள். இரண்டு பக்கமும் நம்மூர் சிப்பாய்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பேரப்பிள்ளை தாத்தாவைத் தேடினால் என்ன கிடைக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். நீங்கள் தேடுங்கள் அக்கா, உங்களுக்குத் தாள் இருக்கிறது.

நெல்லைப்பெண்:
கடலூரான் தம்பி, இதைக் கணவரிடம் சொன்னேன், அவர் நம்பவே இல்லை, வரைபடத்தை எடுத்துக் காட்டினேன்.

ஐயா, சொன்னபடி செய்தேன். மூன்று வாரம் ஆனது. மாமியாரின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரைக்கும் சான்றிதழும் சென்சஸும் கிடைத்துவிட்டன. கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1822-இல் பிறந்தவர், அவர் பெயர் அவருடைய அப்பாவின் உயிலில் "என் மகன்" என்று தெளிவாக வருகிறது. உயில் எழுதியவர் 1791-இல் பிறந்தவர் என்று கல்லறை சொல்கிறது. அதற்கு மேலே ஒரு படிதான் பாக்கி, அதில்தான் ஜான் மில்லர் நிற்கிறார். லங்காஸ்டர் மாவட்டத்தில் ஒரு லூத்தரன் தேவாலயத்துப் பின்னால் அவர் கல்லைக் கண்டுபிடித்தோம். 1829-இல் இறந்திருக்கிறார். பக்கத்திலேயே சிறிய கல் ஒன்று, அதில் 1844, 'அவருடைய மனைவி' என்று மட்டும் தெரிகிறது, பெயர் இருந்த இடம் அரித்துப்போயிருக்கிறது. அவர் கல்லுக்கு முன்னால் புரட்சி வீரர் என்று ஒரு வெண்கல முத்திரை நட்டிருக்கிறார்கள். அதுவே போதும்தானே?

ஜெர்சி_அக்கா:
போதாது கண்ணு. அந்த முத்திரையைப் பிற்காலத்தில் யாரோ நல்ல மனதோடு நட்டிருப்பார்கள், எந்த ஆதாரத்தை வைத்து நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் என் மருமகனுக்காகத் தேடினபோது இப்படி ஒரு முத்திரையையும் ஒரு இணைய மரத்தையும் நம்பி இரண்டு வருடம் வேறு குடும்பத்தின் பின்னால் அலைந்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. 1777 மார்ச்சில் வந்த மிலிஷியா (ஊர் மக்களைக் கொண்ட தற்காலிகப் படை) சட்டப்படி 18 வயதுக்கும் 53 வயதுக்கும் இடைப்பட்ட வெள்ளையின ஆண்கள் பெரும்பாலும் எல்லோருமே ஏதாவது ஒரு கம்பெனியில் பெயர் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு கம்பெனியையும் எட்டு வகுப்பாகப் பிரித்து, வகுப்பு வகுப்பாக இரண்டு மாதத்துக்கு அழைப்பார்கள். அழைப்பு வந்தவர் போகாமல் அபராதம் கட்டலாம், இல்லையென்றால் தனக்குப் பதிலாக இன்னொருவரைக் கூலிக்கு அனுப்பலாம். ஆகவே பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதால் அந்த மனிதர் துப்பாக்கி தூக்கினார் என்று ஆகாது. அந்த வகுப்பு உண்மையில் கிளம்பிப் போனதா, சம்பளம் வாங்கினாரா என்று பார்க்க வேண்டும்.

பதினோரு ஜான் மில்லரையும் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். கம்பெனிகள் ஊர்வாரியானவை. பட்டியலில் அவருக்கு மேலும் கீழும் இருக்கும் பத்துப் பேரை எழுதிக்கொள். அதே பத்துப் பெயர்கள் உங்கள் ஆளின் ஊர் வரிப் பட்டியலிலும், தேவாலய ஞானஸ்நானப் பதிவில் சாட்சிகளாகவும் வந்தால் அவர்தான். 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருந்தால் அப்பா மகன் என்று நினைத்துவிடாதே, அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் இளையவர் என்று பிரிக்கவும் அதைத்தான் போட்டார்கள், மூத்தவர் செத்தால் இளையவர் சீனியர் ஆகிவிடுவார். ஜெர்மன் குடும்பமாக இருந்தால் முல்லர், மியூலர், யோஹான், ஹான்ஸ் எல்லாவற்றையும் தேடு.

அப்புறம் அந்த டெலவேர் கதை. அந்த ராத்திரி வாஷிங்டனோடு கடந்தவர்கள் ஏறக்குறைய 2,400 பேர். ஆற்றில் இன்னும் கீழே கட்வாலடர் என்ற தளபதியின் கீழ் இருந்த மிலிஷியாக்காரர்கள் பனிக்கட்டி காரணமாக பீரங்கியை இறக்க முடியாமல் அன்று திரும்பிவிட்டார்கள், 27-ஆம் தேதிதான் கடந்தார்கள். இந்த நாட்டில் பாதிக் குடும்பங்களில் இந்தப் படகுக் கதை இருக்கிறது. மாமியாரிடம் இப்போதே எதுவும் சொல்லிவிடாதே, ஆனால் நீ அதை நம்பித் தேடாதே.

பழைய_ஏடு:
ஜெர்சி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. இப்போது 1829, 1844 என்ற இரண்டு எண்களுக்கு வருகிறேன், இவைதான் சாவி.

போர் முடிந்து முப்பத்தைந்து வருடம் கழித்து, 1818-இல்தான் சாதாரணச் சிப்பாய்க்கு வறுமையைக் காரணமாக வைத்து பென்ஷன் கொடுத்தார்கள். நிரந்தரப் படையில் ஒன்பது மாதமாவது இருந்திருக்க வேண்டும், மாதம் 8 டாலர். கூட்டம் அதிகமாகிவிட்டது என்று 1820-இல் சொத்துப் பட்டியல் கேட்டார்கள். அந்தப் பட்டியல்களைப் படித்திருக்கிறேன், ஒரு பசு, ஒரு சட்டி, சில நாற்காலிகள் என்று கிழவர்கள் கோர்ட்டில் நின்று எண்ணிச் சொல்லியிருப்பார்கள், மனசு கனத்துப்போகும். உங்கள் ஆள் மிலிஷியா என்றால் இதில் இருக்க மாட்டார். மிலிஷியாக்காரர்களுக்கு வழி திறந்தது 1832 சட்டம்தான், மொத்தம் ஆறு மாதம் சேவை இருந்தால் போதும். எங்கே பிறந்தாய், எங்கிருந்து படைக்குப் போனாய், அழைத்தார்களா நீயாகப் போனாயா இன்னொருவருக்குப் பதிலாகப் போனாயா, மேலதிகாரிகள் யார் என்று கோர்ட்டில் கேட்டு வாக்குமூலம் எழுதுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளின் வாழ்க்கைக் கதை அவர்கள் வாயாலேயே ஆயிரக்கணக்கில் கிடைப்பது இந்தக் கோப்புகளில்தான். ஆனால் உங்கள் ஆள் 1829-லேயே போய்விட்டார்.

அதனால் மனைவியைத் தேடுங்கள். 1836 சட்டத்தில் போர்ச்சேவை முடிவதற்குள் கல்யாணமான விதவைகளுக்கு பென்ஷன். 1838 சட்டத்தில் 1794-ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன் கல்யாணமானவர்களுக்கும் ஐந்து வருடத்துக்குக் கொடுத்தார்கள். அவர் 1844 வரை இருந்திருக்கிறார், மகன் பிறந்தது 1791. கேட்டிருக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

இந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் எம் 804 என்ற வரிசையில் உள்ளன, ஏறக்குறைய 80,000 கோப்பு. ஃபேமிலிசர்ச், ஃபோல்டு-3 என்ற இணையத் தளங்களிலும் பார்க்கலாம், காப்பகத்தின் சொந்தத் தளத்தில் காசு இல்லாமலே கிடைக்கும். கோப்பு எண்ணுக்கு முன்னால் எஸ் என்று இருந்தால் வீரர் தானே வாங்கியது, டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரித்தது. ஆர் என்று பார்த்ததும் பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்! ஏற்றுக்கொண்ட மனுவில் நாலு தாள் இருக்கும், மறுத்த மனுவில் மேலும் மேலும் சாட்சி தேடி அனுப்பி நாற்பது தாள் இருக்கும். 1800-க்கு முந்தைய விண்ணப்பங்கள் மட்டும் கிடைக்காது, அந்த வருடம் நவம்பரில் போர்த் துறை அலுவலகம் தீப்பிடித்து எரிந்துவிட்டது.

டாலஸ்_குமார்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னோடு வேலை செய்கிற ஒரு கறுப்பினப் பெண்மணி, ரோட் ஐலண்ட் பக்கம் அவருடைய குடும்பம், தன் முன்னோர் ஒருவரும் இந்தப் போரில் இருந்ததாகச் சொல்கிறார். சாத்தியமா? எங்கே பார்க்கச் சொல்வது?

பழைய_ஏடு:
நிச்சயம் சாத்தியம். 1778 பிப்ரவரியில் ரோட் ஐலண்ட் சட்டமன்றம், அடிமைகளாக இருந்தவர்கள் படையில் சேர்ந்தால் விடுதலை என்று தீர்மானம் போட்டது, அப்படி வந்தவர்கள்தான் முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட்டில் இருந்தார்கள். அமெரிக்கப் பக்கத்தில் மொத்தம் சுமார் 5,000 கறுப்பின வீரர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். புரட்சியின் மகள்கள் சங்கமே கறுப்பின, பூர்வகுடி வீரர்களின் பெயர்களைத் தொகுத்துப் பெரிய நூலாகப் போட்டிருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பப்பெயர் இல்லாமல் வெறும் முதற்பெயரோடு பதிவானவர்கள் அதில் நிறைய. அவருக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, நானும் வருகிறேன், அது தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

நெல்லைப்பெண்:
கிடைத்துவிட்டது!! ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு எழுதுகிறேன், கை நடுங்குகிறது.

ஆர் கோப்புதான். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் திறந்தே பார்த்திருக்க மாட்டேன் ஐயா. 37 பக்கம். 1839-இல் அந்த அம்மா, 74 வயது, லங்காஸ்டர் கோர்ட்டில் வந்து சொல்லியிருக்கிறார். கணவர் மூன்று முறை இரண்டிரண்டு மாதம் மிலிஷியாவில் போனதாக, அதில் ஒரு முறை தன் அப்பாவுக்குப் பதிலாகப் போனதாக. முதல் முறை 1777 கோடையில், லங்காஸ்டரிலேயே ஹெஸ்ஸியக் கைதிகளுக்கு (ஆங்கிலேயர் கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் சிப்பாய்கள்) காவல். அவரோடு போன பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். மூன்றாவது முறைக்குச் சாட்சி சொல்ல யாரும் உயிரோடு இல்லை. நாலு மாதம்தான் நிரூபணமாயிற்று, ஆறு மாதம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 1841 வரை மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மனுவின் அடியிலும் கையெழுத்துக்குப் பதில் எக்ஸ் போல ஒரு கீறல், நம்மூர் கைநாட்டு மாதிரி. கடைசிக் கீறலில் ஒரு கால் நீண்டு வழுக்கிக்கொண்டு போய் குமாஸ்தாவின் எழுத்து மேலேயே விழுந்திருக்கிறது.

அப்புறம் 29-ஆம் பக்கம். கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள், வேறு எதுவும் இல்லாமல் குடும்ப பைபிளிலிருந்து ஒரு தாளைக் கிழித்தே அனுப்பிவிட்டார். ஜெர்மன் மொழியில், இரண்டு வேறு கையெழுத்தில். மேலே 1786 கல்யாணம், கீழே ஒன்பது பிள்ளைகள், பிறந்த தேதியோடு. நாலாவது பெயர் எங்களுடையது, 1791, உயிலில் இருக்கும் அதே பெயர், கல்லறையில் இருக்கும் அதே தேதி. அந்தத் தாளை அவருக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, இன்றைக்கும் வாஷிங்டனில் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் பிறந்த தேதி எழுதிய ஒரே தாளைக் கிழித்துக் கொடுக்க அந்த அம்மாவுக்கு எப்படி மனது வந்திருக்கும் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

ஜெர்சி_அக்கா:
எனக்கும் கண் கலங்கிவிட்டது. இன்னொன்றைக் கவனித்தாயா? டெலவேரைக் கடந்து டிரெண்டனில் வாஷிங்டன் பிடித்தது ஏறக்குறைய 900 ஹெஸ்ஸியர்களை. அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் முக்கியமானது லங்காஸ்டர். உங்கள் ஆளும் ஜெர்மன் பேசுகிறவர், அவர் காவல் காத்தவர்களும் ஜெர்மன் பேசுகிறவர்கள். ராத்திரி முழுக்க அந்த ஆற்றையும் பனியையும் பற்றி அவர்கள் வாயால் கேட்டிருப்பார். ஆறு தலைமுறை கைமாறியதில் கேட்டவரே கடந்தவராக ஆகியிருக்கலாம். நிரூபிக்க முடியாது, ஆனாலும் உன் மாமியாரின் கதை வெறும் பொய்யாக எனக்குத் தோன்றவில்லை.

நெல்லைப்பெண்:
அக்கா, இதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். படகு போய்விட்டதே என்று வருத்தப்படுவார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பொம்பளை பெயர் என்ன?" என்று கேட்டார். கல்லில் அரித்துப்போன பெயர் கோப்பில் முப்பது இடத்தில் இருக்கிறதே, சொன்னேன். தன் அத்தைக்கு அதே பெயர், எதனால் வைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். 29-ஆம் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன், கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஐயா, பென்ஷனை மறுத்துவிட்டதால் சங்கமும் மறுக்குமா?

பழைய_ஏடு:
மறுக்க வேண்டியதில்லை அம்மா. எதனால் நிராகரித்தார்கள் என்பதுதான் கேள்வி. சேவையே பொய் என்று தள்ளியிருந்தால் கஷ்டம். ஆறு மாதம் நிறையவில்லை என்பது பென்ஷன் சட்டத்தின் கணக்கு, சங்கத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு முறையில் ஒன்றையாவது மாநில ஆவணங்களில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பென்சில்வேனியா ஆவணத் தொகுப்பின் ஐந்தாம் வரிசையில் மாவட்டவாரியாக மிலிஷியாப் பட்டியல்கள் அச்சாகியிருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சாட்சிக்காரரின் பெயர் உங்களிடம் இருக்கிறது. அவரும் ஜான் மில்லரும் ஒரே கேப்டனின் கீழ், ஒரே வகுப்பில் வருகிற பட்டியல் எது என்று பாருங்கள். பதினொன்றில் பத்துப் பேர் தானாகக் கழிந்துவிடுவார்கள்.

நெல்லைப்பெண்:
பார்த்துவிட்டேன் ஐயா. ஒரே ஒரு பட்டியலில்தான் இருவரும் சேர்ந்து வருகிறார்கள், மூன்றாம் வகுப்பு, இடையில் நாலே பெயர். விண்ணப்பத்தை மகளே உட்கார்ந்து நிரப்புகிறாள். சனிக்கிழமை மாமியாரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போகிறோம். சிறிய கல்லுக்குப் புதிதாகப் பெயர் வெட்டிக் கொடுக்க எவ்வளவு ஆகும் என்று தேவாலயத்தில் விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.